வலென்சியாவில் நான் கிளறிய சோறு

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான் அதை விடவில்லை). லண்டனில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் நான்கு சொல், அதில் இரண்டு 'சொரி'. அந்த நான்கு சொல்லை வைத்துத்தான் ரெய்னர்ஸ் லேனில் கடை போட்டேன். பிறகு பக்கத்துக் கடையையும் எடுத்து நடுச்சுவரை நானே உடைத்தேன். படித்த எஞ்சினியர் ஒருவர் வந்து, சுவரை உடைத்தால் மேல்வீடு கீழே வரும் என்றார். மேல்வீடு இன்றைக்கும் மேலேதான் இருக்கிறது. எஞ்சினியர்தான் எங்கேயோ போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டினேன். கவுன்சில்காரன் அளந்து பார்த்துவிட்டு, ஒரு சாண் கூட என்றான். அந்த ஒரு சாணில் இப்போது என் சாய்கதிரை நிற்கிறது. மகள் அபியைப் பல் வைத்தியர் ஆக்கினேன் (அவளும் கொஞ்சம் படித்தாள்தான்). எங்கள் கோவில் மடைப்பள்ளியில் அடுப்புக் கட்டியதும் நான், அறுநூறு பேருக்கு அன்னதானம் சமைத்ததும் நான். என் கையில் ஒரு நாளாவது சோறு குழைந்ததில்லை, அடிப்பிடித்ததில்லை.

இவ்வளவையும் கட்டி எழுப்பிய மனிதன் ஸ்பெயின் தேசத்தில் ஒரு தாச்சிச் சோற்றில் விழுந்தான். அந்தக் கதையை என் வீட்டில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

நாங்கள் விடுமுறை போனதே இல்லை. கடை வாரத்தில் ஏழு நாளும் திறப்பு, கிறிஸ்மஸிலும் அரைநாள் திறப்பு. போன வருசத்துக்கு முந்தின வருசம் அபி வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா, அம்மாவை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. ஷீ இஸ் டயர்ட்."

"எங்கை போறது? ஒரு கோடைக்குப் போய்வந்தனாங்கள்தானே, சவுத்எண்டுக் கடற்கரைக்கு."

"அது நான் நேர்சரி போகேக்கை."

என் மனைவி தவமணி அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை வாசிக்கிறவள்போலச் சொன்னாள்:

"எனக்கு ஊர் சுத்திப் பாக்க வேண்டாம். கடல் தெரியிற இடத்திலை ஒரு மேசை வேணும். மேசைக்குத் துணி விரிச்சிருக்க வேணும். ஆரோ சமைக்க வேணும், ஆரோ கொண்டந்து வைக்க வேணும், சாப்பிட்டு முடிய ஆரோ கோப்பையை எடுத்துக்கொண்டு போகவேணும். ஒருநாள் காணும்."

அவள் என்னிடம் எதுவும் கேட்காதவள். கேட்டது இது ஒன்றுதான். "ஓம், செய்வம்" என்றேன். செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

குறைந்த செலவில் ஒரு நகரத்தை அனுபவிப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். வலென்சியா என்று ஒரு கடற்கரை நகரம் இருப்பதைக் கண்டுபிடித்தது நான். (அதற்கு முதலும் அது அங்கேதான் இருந்தது என்று அபி சொல்வாள்.) ஒருவரும் விரும்பாத நேரத்து விமானம், ஆளுக்கு ஒரு சின்னப் பை. என் பையில் இரண்டு சேட்டும் மீதி அரிசிமாப் புட்டும். சேட்டுப் பொக்கற்றில் எங்கள் கறித்தூள், கடதாசியில் ஒரு சின்னச் சரையாகச் சுற்றி. தூள் இல்லாமல் நான் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. தங்கியது ஐந்தாம் மாடியில் ஓர் அறை. லிப்ட் உண்டு, ஓடாது, அதனால்தான் மலிவு.

அங்கே ஓர் ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப் பள்ளம் முழுவதும் பூங்கா வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை. ஆகவே அதை முதல்நாள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம், இரண்டாம் நாள் மறுமுனையிலிருந்து. பெரிய சந்தையில் ஒலிவ் காயைச் சுவை பார்க்கத் தருவார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் யோசிக்கிற முகத்தோடு நின்று காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன். தெருமரங்களில் செம்மஞ்சளாய்த் தோடம்பழம் தொங்குகிறது, ஒருவரும் பிடுங்குவதில்லை. இந்தச் சனத்துக்கு விசரோ என்று ஒன்றைப் பிடுங்கிக் கடித்தேன். விசர் யாருக்கு என்று அரை நிமிடத்தில் தெரிந்தது. வேப்பெண்ணெய் அதைவிட இனிப்பு. தவமணி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீட்டினாள்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. வெயில் எங்களைப் பொன்னாய்ப் பார்த்துக்கொண்டது. வெயிலுக்கும் அங்கே காசில்லை. தவமணி ஒன்றும் முறைப்பாடு சொல்லவில்லை. புட்டைத் தின்றாள், நடந்தாள். இரண்டாம் நாளிலிருந்து முழங்காலுக்குத் தைலம் பூசினாள். அவளுடைய மேசை கடைசி நாளுக்கு என்று பேச்சு. அபி லண்டனிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேருக்கு மேசை பிடித்திருந்தாள்.

ஞாயிறு காலை தவமணி மாம்பழ நிறச் சேலை உடுத்தி, கல்யாணவீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டாள். ட்ராம் இருந்தது. நான் நடக்கலாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள்.

கடற்கரைக்குக் கிட்ட பழைய மீன்பிடிகாரர் குடியிருப்பு ஒன்று வருகிறது. சின்னச் சின்ன வீடுகள், சுவரெல்லாம் நிறநிறமாய் ஓடு. ஒரு தெருவுக்குள் திரும்பினோம். தெரு முழுக்கக் கொடி. மூலையில் பூ வைத்து அலங்கரித்த மாதா. நாலைந்து பேர் குழலும் மேளமும். தெரு நடுவில் மணல் கொட்டி, அதன்மேல் வரிசையாக விறகு அடுப்பு. ஒவ்வோர் அடுப்பின்மேலும் தேர்ச்சில்லு அளவில், வட்டமாய்த் தட்டையாய் ஓர் இரும்புத் தாச்சி. தாச்சி நிறையச் சோறு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"இஞ்சாரும், அன்னதானம் நடக்குது."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? சாமி நிக்குது, மேளம் அடிக்குது, சோறு வேகுது. நோட்டீசும் அடிச்சுத் தரவேணுமோ?"

"ரெண்டு மணிக்கு மேசை."

"இப்ப ஒண்டே கால். இஞ்சை சாப்பிட்டிட்டு அங்கை போய்க் கோப்பி குடிப்பம். துணி விரிச்ச மேசையும் இருக்கும், கடலும் இருக்கும்."

தவமணி தெருநடுவில் நின்றுவிட்டாள். "நீங்கள் எனக்குச் சொன்னது சாப்பாடு."

"இதென்ன, சாப்பாடு இல்லையோ?"

"ஆரோ கொண்டந்து வைக்கிறது எண்டு சொன்னனீங்கள்."

"இஞ்சையும் ஆரோதான் வைக்கப்போகினம். நீர் பேசாமல் வாரும்."

அந்த 'பேசாமல் வாரும்' என்பதை அபி இன்றைக்கும் என் குரலில் சொல்லிக் காட்டுவாள். நன்றாக இருக்காது.

முதலாவது தாச்சிக்குப் பக்கத்து மேசையிலிருந்து இரண்டு காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு உரிமையோடு நின்றேன். ஒருவரும் துரத்தவில்லை. அந்தத் தாச்சிக்காரர் எல்லாருடைய கழுத்திலும் மஞ்சள் துண்டு. தாச்சிக்குள் எட்டிப் பார்த்தேன். முயல் இறைச்சி, பயற்றங்காய், சில நத்தைகள். எங்கள் வைரவருக்கு வடைமாலை, இவர்களுக்கு முயல். ஊருக்கு ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மஞ்சள் துண்டுக்காரரில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், தவமணியின் சேலையைக் கண்டு ஓடி வந்தாள்.

"லண்டனோ? தமிழோ?" என்று இங்கிலிஷில் கேட்டாள்.

பெயர் அம்பாரோ. லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் ஏழு வருசம் கட்டில் விரித்தவளாம். கூட ஷிப்ட் செய்தது முழுக்க எங்கள் பெண்கள். அவர்களிடம் படித்த தமிழ் மூன்று சொல்: 'கெதியா', 'ஐயோ', 'அண்ணை'. தவமணிக்கு உடனே கதிரை வந்தது, குளிர்ந்த எலுமிச்சந் தண்ணீர் வந்தது. நாலு நாளில் முதல்முறையாக அவளுடைய கால் நிலத்தை விட்டு ஓய்ந்தது. அம்பாரோ கையை ஆட்டி ஆட்டி இந்தத் தாச்சி என்ன, இந்தத் துண்டு என்ன, தன் தம்பி விசென்தே யார் என்று எல்லாம் விளங்கப்படுத்தினாள். தவமணி எல்லாவற்றையும் கேட்டாள். நான் கேட்கவில்லை. இவ்வளவு கட்டினவனுக்குக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் எங்கே வரும்?

என் கண் தாச்சியில்.

விசென்தே என்பவன் நல்ல வயிறுள்ள மனிதன். சோறு வெந்து, தண்ணீர் வற்றி, இறக்க வேண்டிய நேரம். அவன் இறக்கவில்லை. விறகைக் கூட்டினான். கூட்டிவிட்டு ஆறு ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒருவன் குனிந்து தாச்சிக்குக் காதைக் கொடுத்தான். உள்ளே சிடுசிடு என்று சத்தம். அவன் எழும்பிச் சிரித்தான்.

அப்போது மணம் வந்தது.

அன்னதானம் சமைத்தவனுக்குத்தான் அந்த மணத்தின் பயங்கரம் தெரியும். கிடாரத்தில் சோறு அடிப்பிடித்தால் அந்தப் புகைமணம் அடியிலிருந்து மேல்வரை ஏறிவிடும், பிறகு முழுக்கிடாரமும் கொட்டத்தான் வேண்டும். அறுநூறு பேர் வரிசையில் நிற்க அது நடந்தால் கோவில் தலைவர் ஊரைவிட்டு ஓட வேண்டும். இந்த ஆறு மடையரும் சோறு எரிவதைக் கேட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார்கள்.

"அடிப்பிடிக்குது," என்றேன் தமிழில். ஒருவரும் அசையவில்லை.

"பேர்னிங், பேர்னிங்," என்றேன் இங்கிலிஷில். விசென்தே தலையை ஆட்டி, பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

இனி என்ன செய்வது? பக்கத்தில் நீட்டுப் பிடி போட்ட அகப்பை ஒன்று கிடந்தது. எடுத்தேன். அடிவரைக்கும் விட்டேன். மடைப்பள்ளிக் கிளறல் என்றால் தெரியுமா? இரண்டு கையாலும் அள்ளி, பிரட்டி, கீழ்ச்சோற்றை மேலே, மேற்சோற்றைக் கீழே. மூன்றே சுற்று. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முழுவதையும் ஊற்றினேன். சோறு மஞ்சள்காமாலை வந்த ஆள் மாதிரி இருந்தது, ஆகவே பொக்கற்றுச் சரையை அவிழ்த்துத் தூளையும் தட்டினேன். எல்லாம் இருபது நொடி. இந்த வயதிலும் அந்த வேகம் எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்.

நிமிர்ந்தேன். ஒரு 'தாங்ஸ்' வரும் என்று பார்த்தேன்.

மேளக்காரன் அடித்த கையை அந்தரத்தில் வைத்திருந்தான். காது கொடுத்தவன் சிலுவை போட்டுக்கொண்டான். விசென்தே மெதுவாகப் போய்த் தெரு ஓரத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துத் தாச்சிக்காரர், எதிரிகள்தான், அவர்களே வந்து அவன் முதுகைத் தடவினார்கள்.

"ஐயோ, அண்ணை," என்றாள் அம்பாரோ. மூன்று சொல்லில் இரண்டு அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

பிறகு இங்கிலிஷில் சொன்னாள். இது அன்னதானம் இல்லை, போட்டி. தெருவுக்குத் தெரு அணி. சோற்றை வைத்த பிறகு கரண்டி தொடவே கூடாது. கடைசியில் நெருப்பைக் கூட்டுவதே அடியில் பொருக்குப் பிடிக்கத்தான். அந்தப் பொருக்குக்குத்தான் புள்ளி. நாலு வருசமாக அவர்களுக்கு இரண்டாம் இடம். இந்த வருசம் பொருக்கு அருமையாகப் பிடித்திருந்ததாம். நான் மூன்று சுற்றில் அதைச் சுரண்டிக் கஞ்சியாக்கியிருந்தேன்.

"இவர் உங்கட மனுசனோ?" என்று தவமணியைக் கேட்டாள்.

தவமணி எலுமிச்சந் தண்ணீரை வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இண்டைக்கு இல்லை," என்றாள்.

நடுவர்கள் வந்தார்கள், மூன்று பேர். மூத்தவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்தார், தண்ணீர் கேட்டார். மற்ற இருவரும் அவரைப் பார்த்துவிட்டு, சுவைக்காமலே எழுதினார்கள். கடைசி இடம். வேறொரு அணியின் தாச்சி சரிந்து சோறெல்லாம் மணலில் கொட்டியிருந்தது, அவர்கள்கூட எங்களுக்கு முன்னால் வந்தார்கள். ('எங்களுக்கு' என்று நான் எழுதுவது தவமணிக்குப் பிடிக்காது. நான் அந்த அணியில் இருந்த ஆள். வேலை செய்த ஆள்.)

அந்த நேரம் பார்த்துத் தவமணியின் போன் அடித்தது. அபி.

"அம்மா, அங்கை இட்ஸ் பத்து பாஸ்ட் டூ. ரெஸ்டோரன்ட்டிலை இருந்து கோல் பண்ணினவை. டேபிளை வேறை ஆக்களுக்குக் குடுக்கப்போகினமாம். எங்கை நிக்கிறியள்?"

நான் கையை நீட்டினேன். தவமணி போனைத் தரவில்லை.

"வாறம் எண்டு சொல்லு பிள்ளை. ஐஞ்சு நிமிசம். ரெண்டு பேர்தான்." பிறகு அம்பாரோவைப் பார்த்தாள். "நீங்கள் இன்னும் சாப்பிடேல்லைத்தானே?"

அம்பாரோவுக்குத் தமிழ் விளங்கியதோ, முகம் விளங்கியதோ தெரியாது. மஞ்சள் துண்டைக் கழற்றித் தோளில் போட்டாள்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்கள் அன்னதானத்துக்கு வந்தனீங்கள். இருந்து சாப்பிடுங்கோ."

மாம்பழ நிறச் சேலையும் மஞ்சள் துண்டும் தெருக்கோடியில் திரும்பிக் கடல் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். முழங்கால் நோ உள்ளவள் மாதிரியே நடக்கவில்லை.

விசென்தே எழும்பி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கம்பித் தும்பு ஒன்றை என் கையில் வைத்து, தாச்சியைக் காட்டினான். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

முதலில் சாப்பிட்டேன், இரண்டு கோப்பை. ஒன்று சொல்கிறேன், நல்லாய்த்தான் இருந்தது. தூள் பிடித்திருந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஆள் பார்க்காத நேரம் வந்து மறுபடி போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் கண்டேன். (தவமணி நம்புவதில்லை. அவள் அங்கே இருக்கவில்லை, எப்படி நம்புவாள்.) பிறகு மணலில் முழங்கால் ஊன்றி, வெயில் முதுகில் ஏற, அந்தத் தேர்ச்சில்லை உரஞ்சினேன். அரைகுறை வேலை என் கைக்குத் தெரியாது. மூன்று மணித்தியாலத்தில் முகம் பார்க்கக்கூடிய கண்ணாடியாக்கி நிமிர்த்தி வைத்தேன். விசென்தே வந்து பார்த்தான். இந்த முறை உண்மையாகவே கண் கலங்கினான். பிறகு அம்பாரோ சொல்லித்தான் தெரியும், அது அவன் தகப்பன் காலத்துத் தாச்சியாம், அந்தக் கறுப்பு ஏற நாற்பது வருசம் எடுத்ததாம். அதைத்தான் நான் கழுவி எடுத்திருந்தேன்.

ஐந்தரைக்கு இரண்டு பெண்களும் திரும்பி வந்தார்கள். தவமணியின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. கண்ணில் அம்பாரோவின் கறுப்புக் கண்ணாடி.

"சாப்பாடு எப்பிடி?" என்றேன்.

"முழு மீன். முள்ளையும் அவையே எடுத்துத் தந்தவை."

"மேசைத்துணி?"

"வெள்ளை."

"கடல்?"

"இருந்தது."

மறுநாள் விமானத்தில் இரண்டரை மணித்தியாலமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குவதற்கு பெல்ட் போடும்போதுதான் வாய் திறந்தாள்.

"வாற வருசமும் போறன். நீங்கள் கடையைப் பாருங்கோ."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த வருசம் தன் இரண்டு தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போனாள். இந்த வருசமும் போனாள். அம்பாரோ வீட்டிலேயே தங்கல், மூன்று பேருக்கும் மஞ்சள் துண்டு, பயற்றங்காய் முறிப்பது இவர்கள்தான். என்னைக் கூப்பிடவில்லையா என்று கேட்டதற்கு, விசென்தே ஓம் என்றானாம், தவமணிதான் வேண்டாம் என்றாளாம். வீட்டில் இப்போது நான் அடுப்புப் பக்கம் போனாலே அபி "அப்பா, ஸ்பெயின்" என்பாள். அவ்வளவுதான், எல்லாரும் சிரிப்பார்கள், மருமகன் உட்பட. போன மாதம் கோவிலில் நான் அகப்பையைத் தூக்க, ஐயரும் அந்தச் சொல்லைச் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருசம் அவர்களுக்கு முதலாம் இடம்.

தவமணி படம் அனுப்பியிருந்தாள். எல்லாரும் தாச்சியைச் சுற்றி நிற்கிறார்கள். தாச்சியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றில் ஒரு காட்போட் மட்டை. மேலே ஸ்பானிஷ், நடுவில் இங்கிலிஷ், அடியில் தவமணியின் வட்ட வட்டக் கையெழுத்தில் தமிழ்: 'தயவுசெய்து கிளற வேண்டாம்.' அந்தத் தெருவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள், இவர்கள் மூன்று பேரைத் தவிர, ஒருவரும் இல்லை. இப்போது எல்லா அணியும் கயிறு கட்டுகிறதாம். ஒருவன் வந்து கிளறிவிடுவான் என்ற பயத்தில் பொருக்கை எல்லாரும் கண்ணிமைக்காமல் காவல் காக்கிறார்களாம், அதனால் தெருவில் சோற்றின் தரமே கூடிவிட்டதாம். இதை அம்பாரோ தன் வாயால் சொல்லியிருக்கிறாள்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த நகரத்தைக் கண்டுபிடித்தது யார்? தவமணியையும் அம்பாரோவையும் ஒரே மேசையில் இருத்தியது யார்? கயிறு எதனால் வந்தது, முதலாம் இடம் எதனால் வந்தது? எங்கள் கோவிலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக் கொடுத்தவனின் பெயர் வாளியைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறது. நான் ஸ்பெயினுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டமே கொடுத்திருக்கிறேன். ஆகவே அடுத்த வருசம் அந்த மட்டையில், தமிழ் வரிக்குக் கீழே, தெளிவாகத் தெரிகிற அளவில் எழுதப்பட வேண்டும்: 'உபயம் – சிவபாதம், ரெய்னர்ஸ் லேன், லண்டன்.'

மட்டையில் இடம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி அளந்து பார்த்துவிட்டேன்.